கிளாரிந்தாவும் நாற்பது பேரும்

அ. மாதவையாவின் ‘கிளாரிந்தா’ 1915ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த வரலாற்று நாவல். நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் 1872இல் பிறந்தவர் மாதவையா. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர்; ‘பத்மாவதி சரித்திர’த்தால் தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்பெறுபவர். கிறித்தவ மறையைத் தழுவாத அவர், அம்மறையைத் தழுவிய ஒரு பார்ப்பனக் கைம்பெண்ணின் வாழ்வை இத்துணைப் பரிவுடன் எழுதியது வியப்புக்குரியது. அதனை ஆங்கிலத்தில் எழுதியது வருத்தத்திற்குரியது. எவருடைய மண்ணில் அக்கதை நிகழ்ந்ததோ அவர்கள் கையை அது சென்றடையப் பல்லாண்டுகள் ஆயின. சரோஜினி பாக்கியமுத்துவின் தமிழாக்கம் வந்த பின்னரே அக்குறை நீங்கிற்று. ஆயினும் நம் கத்தோலிக்க இல்லங்களில் இந்நூலைப் படித்தோர் சிலரே. “அது மற்றச் சபையாரின் கதை” என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை 1964இல் வெளியிட்ட பின்னும் அவ்வாறு ஒதுக்குவது முறையன்று.

கதை நாமறிந்ததே. தஞ்சை மராத்தியப் பார்ப்பனக் குலத்தில் தோன்றிய பெண்; பாட்டனாரின் அரவணைப்பில் வளர்ந்தவள்; முதியவருக்கு மனைவியாகி விரைவில் கைம்மை எய்துகிறாள். உடன்கட்டைச் சிதையினின்று லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி அவளை மீட்கிறார். அவருடன் வாழ்கிறாள், அவரிடமே மறையையும் கற்கிறாள். திருமுழுக்கு வேண்டி ஸ்வார்ட்சு ஐயரை அணுகுகிறாள். மணமின்றி வாழ்வதால் அவர் மறுக்கிறார். அதிகாரி இறந்த பின், 1778இல், பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்சு அவளுக்குத் திருமுழுக்கு அளிக்கிறார். வரலாற்று ஏடுகள் குளோரிந்தா என்று குறிக்கும் அப்பெண்மணியே 1785இல் அங்கே ஒரு கோயில் எழும்பக் காரணமாயிருந்தவர். ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று அதனை ஊரார் இன்றும் அழைக்கின்றனர்.

இக்கதை நிகழ்ந்த காலத்துப் பாளையங்கோட்டையைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். அது கும்பினியாரின் படை தங்கிய கோட்டையூர். ஆங்கில அதிகாரிகள், பல மொழி பேசிய சிப்பாய்கள், அவர்களுடைய குடும்பத்தார், துபாஷிகள், ஆர்க்காட்டு நவாபின் பெயரால் வரி தண்ட வந்தவர்கள், வண்டிக்காரர், குதிரைக்காரர், சமையற்காரர், வண்ணார் என யாவரும் ஒரே மதிலுக்கு உள்ளும் புறமுமாய் வாழ்ந்தனர். அவர்கள் காலத்துக்குச் சற்று முன்னர்த்தான் கான்சாகிபு யூசுப்கான் கும்பினிக்காக நெல்லைப் பாளையங்களை அடக்கிப் பின் அதே கும்பினியை எதிர்த்து 1764இல் தூக்கிலிடப்பட்டார். இந்துவாய்ப் பிறந்து, இசுலாத்தைத் தழுவி, கத்தோலிக்கப் பெண்ணொருத்தியை மணந்தவர் அவர் என்பர்! ஒரு மனிதரின் வாழ்விலேயே அந்நாளைய நெல்லைச் சீமை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. மேற்கே, நம் இலஞ்சிக்கு வடபுறம், நெற்கட்டுஞ்செவலும் சிவகிரியும் சொக்கம்பட்டியும் கும்பினிக்கு ஓயாத தலைவலியாக இருந்தன.

உலகமோ தலைகீழாகிக்கொண்டிருந்தது. 1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் தம் விடுதலையை அறிவித்தன. அப்போர் நமக்குத் தொலைவானதன்று. அமெரிக்கருக்கு உதவினர் என்பதையும் ஒரு காரணமாகக் கொண்டு ஆங்கிலேயர் டச்சுக்காரர்மீது 1780இல் போர் தொடுத்தனர். அதன் விளைவாகத் தூத்துக்குடி 1782இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அடுத்த ஆண்டில் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது, டச்சுக்காரருக்கும் பாளையக்காரருக்கும் இடையிலான உடன்படிக்கை அங்கே அகப்பட்டது. மனிதர் யாவரும் நிகர் என்று அறைகூவிய அமெரிக்க நகரங்களில் அடிமைகளும் வாழ்ந்தனர். அவர்களை அவ்வறைகூவல் சேர்த்துக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் எவரும் அத்தகைய அறைகூவல் எழுப்பியதாகத் தெரியவில்லை. ஆனால் 1780ஆம் ஆண்டில் அங்கே ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அச்சிறு சபையின் உறுப்பினர் நாற்பது பேர், பிள்ளைகள் உட்பட. முதற்பெயர் குளோரிந்தாவினுடையது. பிற பெயர்கள் பற்பல சாதியினருடையவை. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட நெல்லை மறைப்பணி வரலாற்று நூலில் இதனைப் பேணித் தந்துள்ளார்.

நாவலின் மீது நமக்குள்ள பெருங்குறை இங்கேதான். மாதவையாவின் கண் கிளாரிந்தாவை விட்டு அகலுவதில்லை. அவளுக்கு நிகராக லிட்டில்டனையும், பின்னர் ஸ்வார்ட்சையும் உயர்த்தி நிறுத்துகிறார். சீர்திருத்தவாதி ஒருவரின் நாவலுக்கு அவ்வளவே போதும் எனலாம். உடன்கட்டையையும் பொருந்தா மணத்தையும் சாடுதற்கு அத்தகைய நாயகி வேண்டும். எனினும் அந்த நாற்பது பேரில் எஞ்சியோர் எங்கே? ஒரு பார்ப்பனப் பெண்ணுக்கு அருகில் பந்தியமர்ந்த சிப்பாயின் மனைவி என்ன எண்ணினாள்? அப்பெண்ணின் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் யார், மறுத்தவர் யார்? நகரம் நாவலில் திரைச்சீலையாகத் தொங்குகிறதேயன்றி, மாந்தராக நடமாடவில்லை.

நம் ஊரை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரை ஈண்டு நினையாதிருக்க இயலவில்லை. அதே நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அவர், திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லிக்கு நிகராகக் குறத்தியையும், சிங்கனையும், பறவை பிடிப்போரையும் பேசவைத்தார். மலையும் வயலும் அவர்கள் வாயால் பெயர் பெற்றன. அவ்விலக்கிய வகையையே கைக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் தேவசகாயம் முதலில் கத்தோலிக்கர். சிறுவனாக இருந்த அவரை ஸ்வார்ட்சு தஞ்சைக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். குளோரிந்தாவின் தெருவில் விளையாடிய வயதினராகிய அச்சிறுவனைப் போன்ற ஒரு பாத்திரத்தை மாதவையா நன்கு வளர்த்திருந்தால், நாவல் வேறோர் உயரத்தை எட்டியிருக்கும் என்பது நம் துணிபு.

இனி, மறுக்கப்பட்ட திருமுழுக்கைப் பற்றி. நூலாசிரியரின் பரிவு கிளாரிந்தாவின் பக்கமே நிற்கிறது. சட்டத்தின் முறுக்கத்தை அவர் மறைக்கவில்லை. நம் வாசகருள் சிலர் ஸ்வார்ட்சு செய்தது சரியே என்பர். மனந்திரும்புதலின்றித் திருமுழுக்கு இல்லை; அதுவே திருச்சபையின் தொன்மையான மரபு. இதை நாமும் குருமடத்தில் கற்றோம், இன்றும் கற்பிக்கிறோம். ஆயினும் ஒன்றை எண்ணுக. அவ்வுறவில் இருவர் இருந்தனர். ஒருவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குக் கிடைத்துவிட்டது. அவர் அதிகாரி, வெள்ளையர், ஆண். அவரை மணக்கும் உரிமை தன் கையில் இல்லாதவளே வாசலில் நிறுத்தப்பட்டாள். விதி ஒன்றுதான்; அதன் சுமை விழுந்தது ஒருத்தியின் தோளில். தன் குலத்தார் அவளைச் சிதையிலேற்றப் பார்த்தனர். மீண்டு வந்தவளைத் திருச்சபை காத்திருக்கச் சொல்லிற்று. திருத்தூதர் பணிகள் நூலில் எத்தியோப்பிய அலுவலர் பிலிப்பிடம் கேட்கும் வினா, இப்பக்கங்களைப் படிக்கையில் நம் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

பங்குப் பணியில் இருப்போர் இத்தகைய பெண்களை அறிவர். பங்கு அலுவலகத்தின் வாயிலில், தாளொன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நிற்பார்கள். பிள்ளைக்குப் புதுநன்மை, தனக்கொரு பாவசங்கீர்த்தனம் – அவ்வளவே கேட்பார்கள். அவர்களை இவ்வாழ்வில் சேர்த்த ஆண்மகன் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்பதும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வழங்கிய ‘அன்பின் மகிழ்வு’ மடலின் எட்டாம் அதிகாரம் உடன்நடத்தலையும் தேர்ந்து தெளிதலையும் பற்றியே பேசுகிறது. அதைக் கையிற்கொண்டு இந்நாவலின் இப்பகுதியை மீண்டும் படித்தால், ஸ்வார்ட்சைக் குறைகூறுவது எளிதன்று என்பதும் தெரியும்; அவரைப் பின்பற்றுவதும் எளிதன்று என்பதும் தெரியும். அவர் நேர்மையாளர், ஐதரலியே நம்பிய தூதர். இரண்டாம் முறை வந்தவளை அவர் தள்ளவில்லை. மாறாக ஒரு சபையின் தொடக்கத்தையே அவள் இல்லத்தில் வைத்தார்.

இதைப் படித்து நாம் பெருமூச்சு விட்டுவிட்டு, நம்மவர் சிறந்தோர் என்று எண்ணவும் இடமில்லை. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். வீரமாமுனிவரும் அவர்தம் தோழரும் உழுது விதைத்த மதுரை மறைப்பணித்தளம் மேய்ப்பரின்றித் தவித்தது. அச்சபையார் மீண்டும் வந்தது 1838இல். கிளாரிந்தா கதவைத் தட்டிய நாளில் நம் பக்கத்தில் கதவு திறப்போர் மிகச் சிலரே. சாதியைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். பாளையங்கோட்டையில் பல சாதியினரை ஒரே ஏட்டில் எழுதிய 1780க்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1872இல், வடக்கன்குளத்தில் இரு பிரிவினரைப் பிரிக்க இரட்டைக் கூடமாகக் கோயில் கட்டினோம். இடைத்தடுப்பு அகன்றது 1910இல்.

நாவலின் மொழிநடை பற்றிச் சில சொற்கள். மாதவையாவின் ஆங்கிலம் சற்றே கனத்த அரும்பெருஞ் சொற்களால் ஆனது. உரையாடல்களில் மாந்தர் சொற்பொழிவாற்றுவார்கள். தமிழாக்கம் அக்கனத்தை ஓரளவு இறக்கி வைத்திருக்கிறது. தஞ்சைப் பகுதி நீண்டுவிட்டது; பாளையங்கோட்டைப் பகுதி விரைந்துவிட்டது. நமக்கு வேண்டியது பின்னதே.

மறுபதிப்பு எவரேனும் கொணர்வராயின் ஒரு வேண்டுகோள். கால்டுவெல் காத்துத் தந்த அந்த நாற்பது பேரின் பட்டியலை நூலின் இறுதியில் அப்படியே அச்சிடுக. குளோரிந்தாவின் பெயருக்குக் கீழே, அவருடைய வளர்ப்பு மகன் ஹென்றி லிட்டில்டனின் பெயரிலிருந்து கடைசிப் பிள்ளையின் பெயர்வரை, ஒன்றும் விடாமல்.