மலைக்கள்ளன்: ஏட்டிலும் திரையிலும்

“குடும்பத்தோடு காணத்தக்க படம்” என்றொரு நற்சான்று நம் நாட்டிலே எளிதாகக் கிடைத்துவிடுகிறது. ஆபாசம் இல்லை, அருவருப்பு இல்லை, ஆகவே அழைத்துச் செல்லுங்கள் பிள்ளைகளை என்கிறார்கள். கண்ணுக்குத் தீங்கில்லை, சரி. கருத்துக்கு? அரங்கை விட்டு வெளியே வரும் சிறுவன் எதை நெஞ்சில் சுமந்து வருகிறான் என்று கேட்பார் எத்தனை பேர்?

அந்தக் கேள்வியோடுதான் அண்மையில் ஒரு மாலை, ஓவேலியில் எம் படிப்பகத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, 1954-இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். கொழுந்து பறித்த கைகளோடு தாய்மாரும் வந்து அமர்ந்தனர். மழை கூரையைத் தட்டியது. கள்ளன் குதிரையேறிப் பறந்தபோது, பிள்ளைகளின் ஆரவாரம் மழையை வென்றது!

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனார் தீட்டிய புதினம் அது. அவர் காந்தியார் வழி நின்றவர். 1930-இல் வேதாரணியம் நோக்கி நடந்த உப்புப் போராட்டத் தொண்டர்களுக்கு நடைப்பாட்டு எழுதித் தந்தவர். படத்திற்கு உரையாடல் தீட்டியவரோ கலைஞர் மு. கருணாநிதி. கதர் நெய்த கதைக்குக் கழகத்தின் எழுதுகோல்! கோவை பட்சிராஜா நிறுவனத்தின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்க, எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்தனர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என ஐந்து மொழிகளில் மீண்டும் உருக்கொண்டது. இந்தியில் 1955-இல் ‘ஆசாத்’ என வந்தபோதும் இயக்கியவர் அதே நாயுடுதான், நடித்தவர் திலீப்குமார்.

ஏட்டுக் கதையைத் திரைக்கு மாற்றுவோர் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. தாளிலே மலைக்கள்ளன் ஒருவன், வணிகர் அப்துல் ரகீம் மற்றொருவர் என்று படிப்பவரை நம்பவைக்கலாம். எழுத்துக்கு முகம் இல்லை. திரையிலோ முகம் ஒன்றே! தாடி ஒட்டினாலும் குல்லாய் அணிந்தாலும் முன்வரிசைச் சிறுவன் கண்டுபிடித்துவிடுகிறான். “யார் அவன்?” என்ற புதிர் அங்கேயே செத்துவிடுகிறது.

புதிரை இழந்த படம் எப்படிப் பிழைத்தது? வேறொரு சுவையைப் பிடித்துக்கொண்டது. நமக்குத் தெரிந்தது போலீசாருக்குத் தெரியவில்லை என்ற சுவை அது. தேடப்படுபவனே தேடுவோர் எதிரில் அமர்ந்து உரையாடுகிறான். ஆளுவோர் அறியாததை ஆளப்படுவோர் அறிந்திருக்கும் அந்த இன்பம் ஏழைக்கு வாழ்விலே கிட்டாத இன்பம், கொட்டகையிலே கிட்டிற்று. புதினத்தை வரிக்கு வரி பெயர்த்திருந்தால் இது வாய்த்திராது. ஆகவே, மூலத்திலிருந்து விலகியதைக் குற்றம் என்னோம். விலகத் தெரிந்ததே வெற்றி என்போம்.

இன்னொன்றையும் பாராட்டுவோம். கடத்திச் செல்லப்பட்ட பூங்கோதையைக் காக்க வானத்திலிருந்து தேவன் எவனும் இறங்கவில்லை. மனிதன் மீட்கிறான்; அறிவாலும் துணிவாலும் மீட்கிறான். புராணப் படங்களைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இது சிறு மருந்தன்று. நாயகன் பூணும் வேடம் மதிப்புமிக்க ஒரு முஸ்லிம் பெருமகனின் வேடமாக இருப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மதத்தின் பேரால் மனிதரைப் பிரிப்போர் மலிந்த இந்நாளில், அதை நம் பிள்ளைகள் இயல்பாக ஏற்றுச் சிரித்து மகிழ்ந்தது எமக்கு உவகை தந்தது.

ஆனால், நிறையைக் கூறிக் குறையை மறைப்பது திறனாய்வாகாது. டி. எம். சௌந்தரராஜன் குரலில், குதிரைமீது வரும் அந்தப் புகழ்பெற்ற பாடல், மக்களை ஏய்ப்போரைப் பார்த்துக் கேள்வி தொடுக்கிறது. அறிவும் கல்வியும் எல்லோர்க்கும் ஆகும் நாளைப் பாடுகிறது. பாடல் அவ்வளவு தூரம் போகிறது. கதையோ பாதியிலே நின்றுவிடுகிறது! முடிவில் தெரிவதென்ன? மலைக்கள்ளன் வேறு யாருமல்லன். பூங்கோதையின் காணாமற்போன உறவினன், நல்ல குடும்பத்துக் குமாரவீரன்! உழுதவன் மகனாக, சுமந்தவன் மகனாக அவன் இருந்திருக்கக் கூடாதா? வீரம் விளையப் பரம்பரை நிலம்தான் வேண்டுமா?

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. ஆங்கில நாட்டுப் பாடல்களில் எளிய குடியானவனாய் இருந்த இராபின் ஊட்டைப் பிற்கால நாடகக்காரர் பிரபு ஆக்கினர். 1919-இல் பிறந்த சோரோவும் முகமூடியைக் கழற்றினால் பண்ணையார் மகன். ஏழைக்காக வாளெடுப்பவன் ஏழையாய் இருத்தலாகாது என்று உலகெங்கும் கதை கட்டுகிறார்கள்!

படம் முடிந்ததும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “கள்ளன் வர்றதுக்கு முன்னாடி அந்த மலையில யாருமே இல்லையா சார்?” என்றாள். எம்மிடம் உடனே விடை இல்லை. சமவெளியில் இருந்து பார்ப்போர்க்கு மலை ஒளியும் இடம். எமக்கோ அது வாழும் இடம். பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வழிவழியாய் வாழும் மண் இது. 1964 ஒப்பந்தத்தின்பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டோர் வந்து வேரூன்றிய மண். நிலம்பூர்க் கோவிலகத்தின் சன்ம உரிமையை ஒழிக்க 1969-இல் கூடலூருக்கெனச் சட்டம் பிறந்தது. இத்தனை ஆண்டு கடந்தும் பட்டாவைக் கண்ணாலே காணாத குடும்பங்கள் எம் பள்ளிப் பிள்ளைகளிலே உண்டு. ஏட்டில் அவர்களுக்குப் பெயர் ‘ஆக்கிரமிப்பாளர்’. பாடுபட்டவனைப் பறித்தவன் என்று எழுதும் ஏடு! மலையையும் கள்ளனையும் ஒரே சொல்லாய் ஒட்டிய தலைப்பு அந்தச் சிறுமியைச் சுட்டதில் வியப்பென்ன?

“பொழுதுபோக்குப் படத்திலே பட்டா தேடலாமா?” என்று நகைப்பர் சிலர். படத்திலே பட்டா தேடவில்லை, நண்பர்களே! மலைக்கு மக்கள் உண்டு, அவர்களுக்கு வாய் உண்டு என்ற நினைவைத் தேடுகிறோம். தனி ஒருவன் குதிரையில் வந்து நீதி வழங்குவான் என்று காத்திருக்கப் பழகிய பிள்ளை, நாளை மனுவில் கையெழுத்திடவும் தயங்கும். அஃது எம் அச்சம்.

எனினும், தீர்ப்புக் கேட்டால் தயங்காது சொல்வோம்: காட்டுங்கள் இப்படத்தைப் பிள்ளைகளுக்கு! காட்டிவிட்டு விளக்கை அணைத்துப் போய்விடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். அந்த மாணவி எழுப்பிய வினாவுக்குப் படம் விடை சொல்லவில்லை; ஆனால் வினா எழும்படி செய்தது. அடுத்த மாலை எம் பிள்ளைகள் தாமே ஒரு நாடகம் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் குதிரை இல்லை, முகமூடி இல்லை. மலையில் ஓர் ஊர் இருக்கிறது. ஊரார் எல்லோரும் பேசுகிறார்கள்.