நத்தார் நட்சத்திரத்தின் வடிவம்: கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

எத்தாளையை உள்ளடக்கிய கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் கடனீரேரியும் சூழ்ந்த ஊர்களில், மார்கழி பிறந்ததும் கத்தோலிக்கர் வீட்டு முற்றங்களில் ஐம்முனை நட்சத்திர வெளிச்சக்கூடுகள் ஏற்றப்படுகின்றன. இவ்வடிவம் பற்றிக் கேட்டால் இருவகை விடைகள் கிடைக்கும். ஐந்து முனைகளும் இயேசுவின் ஐந்து திருக்காயங்கள் என்பது ஒன்று. மேனாட்டாரைப் பார்த்துச் செய்தது என்பது மற்றொன்று. முன்னது பக்தியின்பாற்பட்டது, அதனை மறுப்பது எமது நோக்கமன்று. பின்னதிற் சிறிது உண்மையுண்டு. ஆயின் பல வடிவங்களுள் இவ்வொன்றே இம்மக்களிடம் ஏன் வேரூன்றியது என்ற வினாவிற்கு இரண்டும் விடையாகா.

விவிலியம் நட்சத்திரத்தின் உருவத்தைக் கூறவில்லை. அது மத்தேயுவின் நற்செய்தியில் மட்டுமே வருகின்றது. எழுகின்றது, முன் செல்கின்றது, நிற்கின்றது. லூக்காவின் இடையர்க்குச் செய்தி கொணர்பவர் வானதூதரே. அவர்கள் நட்சத்திரம் எதனையும் கண்டதாக அங்கில்லை. எனவே மூலக்கதையில் நட்சத்திரம் பொன்னும் தூபமும் கொண்டு வருவோர்க்கும் ஏரோதின் அரண்மனைக்கும் உரியது என்பது மனங்கொள்ளத்தக்கது. அக்காலத்தில் நட்சத்திரம் ஏற்கெனவே ஆட்சியின் சின்னமாகவும் விளங்கிற்று. கி.மு. 44இல் யூலியசு சீசர் கொலையுண்டபின் தோன்றிய வால்வெள்ளியை எட்டுக் கதிர்களுடன் தன் நாணயங்களிற் பொறிப்பித்தவன் அகுஸ்தசு.

ஓவியர்கள் இவ்வெற்றிடத்தைத் தத்தம் சூழலிலிருந்தே நிரப்பினர். உரோமாபுரியின் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில், கி.பி. 3ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் சுவரோவியத்தில், தாயும் சேயும் அமர்ந்திருக்க ஒருவர் மேலே சுட்டிக் காட்டுகிறார். இரவென்னாவின் 6ஆம் நூற்றாண்டு மணிக்கல்லோவியத்தில் பாரசீக ஆடையணிந்த மூவர் நட்சத்திரத்தின் பின் விரைகின்றனர். பதுவா நகரில் ஏறத்தாழ 1305 அளவிற் பணியை முடித்த யொத்தோ, தீவால் நீண்ட வால்வெள்ளியையே வரைந்தான். 1301இல் தோன்றிய ஹலியின் வால்வெள்ளியை அவன் கண்டிருத்தல் கூடும் என்பர். அவ்வாலயத்தைக் கட்டுவித்தவன் வட்டித் தொழிலாற் பொருளீட்டிய குடும்பத்தினன் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வடிவம் மாறினும் அதன் உறவு செல்வர்களோடேயே நீடித்தது.

எமது கூத்து மரபும் இதற்கு விலக்கன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இற் பதிப்பித்த மன்னார் 'மூவிராசாக்கள் நாடகம்' தன் பெயரிலேயே அரசர்களை முன்னிறுத்துகின்றது. சிங்கள நாடகம மரபிலும் 'ராஜ துன்கட்டுவ' என்னும் பெயரில் இக்கதை உண்டு. கட்டியகாரன் முன்வர அரசர் கொலுவீற்றிருப்பதே அவ்வரங்கின் கவர்ச்சி. இடையன் அங்கு ஓரத்திலேயே நிற்பான்.

வெளிச்சக்கூட்டிலோ நிலைமை வேறு. அதனைச் செய்பவன் அரசவைக் கலைஞனல்லன். கடற்றொழிலாளியும் அவன் பிள்ளைகளுமே. ஒரே நீளமான ஐந்து மூங்கிற் சிம்புகளை முனைக்கு முனை கட்டினால், அவை ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து தாமே இறுகிக்கொள்கின்றன. இத்தகைய இரு சட்டங்களை ஐந்து முனைகளிலும் பிணைத்து, நடுவிலுள்ள ஐந்து சந்திகளிலும் குறுந்தடிகளைச் செருகினால் விளக்கிற்குரிய வயிறு உண்டாகிறது. பின்பு மெல்லிய நிறத்தாளும் பசையும் போதும். கோடு முறியாது ஒரே ஓட்டத்தில் வரையக்கூடிய நட்சத்திரங்களுள் மிகக் குறைந்த முனைகள் கொண்டது இதுவே. ஆறுமுனைக்கு இரு முக்கோணங்கள் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் மொராவியப் பள்ளியொன்றிற் கேத்திரகணிதப் பாடமாகத் தோன்றிய 26 முனை நட்சத்திரம் அழகியதே. அதனைச் செய்ய அளந்து வெட்டி மடித்த தாட்கூம்புகள் பல வேண்டும். வலை பொத்தும் கைக்கோ சிம்பும் நூலும் பழக்கமானவை. வெளியிலிருந்து வந்த மாதிரிகளுட் கையிலிருந்த பொருளுக்கும் உழைப்பிற்கும் இசைந்ததே தங்கியது. மூங்கிற் சட்டத்தில் தாளொட்டும் இதே நுட்பத்தைப் பௌத்தர்களின் வெசாக் கூட்டிலும் காண்கிறோம். சமயமும் மொழியும் பிரித்துவைத்த கரையோர மக்களை அந்நுட்பம் பிரிக்கவில்லை.

(ஐம்முனை நட்சத்திரத்தைக் கண்டதும் எம்போன்றோர்க்கு வேறொரு செங்கொடி நினைவிற்கு வருவதுண்டு. அதனைக் கொண்டு இங்கு உறவு கற்பிப்பது, முனை எண்ணும் பக்தரின் முறையையே நாமும் கைக்கொள்வதாக முடியும்.)

பொருள் மாற்றமும் இவ்விடத்தேதான் நிகழ்கின்றது. மேற்குக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலமே கடல் அமைந்து தொழில் நடைபெறும் காலம். சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து வரும் மீனவர் வாடியடித்துத் தங்குவதும் அப்பருவத்திலேயே. விடிவெள்ளியையும் ஆறாமீனையும் பார்த்துப் பொழுதறிந்த தொழில் இது. அவர்களிடையே மத்தேயுவின் நட்சத்திரம் அரசர் முன் செல்லும் கட்டியம் என்ற நிலை நீங்கி, கடலுக்குப் போனவன் திரும்பும் வீட்டின் அடையாளமாகிறது. பாலன் குடிலின் கூரைமீது அதனை வைக்கும்போது, மத்தேயுவில் அதனைக் காணாத லூக்காவின் இடையனும் அதன் கீழேயே நிற்கின்றான். கூத்து விலக்கியவனைக் குடில் சேர்த்துக்கொண்டது. நாட்டார் கலை ஆய்வாளர் கூத்தைப் பதிப்பித்தனர், வெளிச்சக்கூட்டைப் பொருட்படுத்தவில்லை. சமயச் சடங்கின் அலங்காரமென அதனை ஒதுக்கிய முற்போக்கு விமர்சகர்க்கும் இதிற் பங்குண்டு.

இன்று கடைகளில் இறக்குமதியான பிளாஸ்ரிக் நட்சத்திரங்கள் மின்விளக்குடன் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும் குடும்பத்திற் சிம்பு சீவும் பழக்கம் ஒரு தலைமுறையிலேயே அற்றுப்போகும். வார்ப்பச்சிற்கு ஐந்து முனையும் பதினைந்து முனையும் ஒன்றே. எனினும் விற்பனையாவது பெரும்பாலும் ஐம்முனையே. அதன் முகத்தில், தேவையேதுமின்றி, நடுவிலிருந்து முனைகளுக்கு ஓடும் மேடுகளும் அப்படியே வார்க்கப்பட்டிருக்கின்றன.