குழாய்க்கு வெளியே நின்று அளப்பது

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பைரன், பிரெய்ட்வுட் என்று இரண்டு அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. அங்குள்ள உலைகள் உரிமம் அனுமதித்ததைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பத்திறனில் ஓடிவந்தது 2003-இல் தெரியவந்தது. மிகை சிறியதுதான், விபத்து எதுவும் நேரவில்லை. வரம்பை மீற வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. அவர்கள் நம்பியிருந்த ஓர் எண் பிழையாக இருந்தது. அந்த எண்ணைத் தந்தது, ஊட்டுநீர்க் குழாயின் (நீராவியாக்க அனுப்பும் நீர் செல்லும் குழாயின்) வெளிப்புறத்தில் கட்டியிருந்த மீயொலி ஃப்ளோ மீட்டர்.

குழாயை வெட்டாமல், ஓட்டத்தை நிறுத்தாமல், நீரைத் தொடாமலே அளக்கும் இந்தக் 'கிளாம்ப்-ஆன்' முறை இன்று குடிநீர்த் திட்டங்களிலும் ஆலைகளிலும் பரவலாகிவிட்டது. அதன் கவர்ச்சி நியாயமானது. ஆனால் அந்தக் கருவி எதைத் தானே அளக்கிறது, எதை நாம் சொல்லக் கேட்டு அப்படியே நம்புகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமலே அதன் திரையில் தெரியும் எண்ணை ஏற்றுக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையின் ஆதங்கம் அதைப் பற்றியதே.

பெரும்பாலான மீயொலி மீட்டர்கள் அளப்பது நேரத்தை. குழாயில் சாய்வாக எதிரெதிரே இரண்டு டிரான்ஸ்டியூசர்கள் இருக்கும். ஒன்று அனுப்பும் ஒலித்துடிப்பை மற்றது வாங்கும். அடுத்த கணம் திசை மாறும். ஓட்டத்தோடு போகும் துடிப்பு சற்று முந்தும், எதிர்த்து வரும் துடிப்பு சற்றுப் பிந்தும். இந்த 'சற்று' எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டால் பொறியாளர்களின் சாதனை விளங்கும். உள்விட்டம் 300 மி.மீ., ஒலிப்பாதையின் சாய்வு 45 பாகை, நீரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1480 மீட்டர். துடிப்பு குழாயைக் கடக்க ஏறத்தாழ 287 மைக்ரோநொடி ஆகும். போவதற்கும் வருவதற்கும் உள்ள வேறுபாடோ 270 நானோநொடி அளவுதான், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓட்டத்தை ஒரு விழுக்காடு துல்லியத்தில் சொல்ல வேண்டுமானால் மூன்று நானோநொடிக்கும் குறைவான நேரத்தைப் பிரித்தறிய வேண்டும். மின்னணுச் சுற்றுகள் இதை அலுக்காமல் செய்கின்றன.

இதில் இன்னொரு அழகும் உண்டு. ஒலியின் வேகம் நீரின் வெப்பநிலையோடு மாறும். ஆனால் போகும் நேரம், வரும் நேரம் இரண்டும் கையில் இருந்தால் சமன்பாட்டில் ஒலிவேகம் அடிபட்டுப்போய் ஓட்டவேகம் மட்டும் மிஞ்சும். அதே இரண்டு நேரங்களிலிருந்து ஒலிவேகத்தையும் தனியாகக் கணக்கிடலாம். நீரின் வெப்பநிலை தெரிந்தால் ஒலிவேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரியும்; மீட்டர் சொல்லும் ஒலிவேகம் அதிலிருந்து விலகினால் எங்கோ கோளாறு. தன் உடல்நிலையைத் தானே சொல்லும் இந்தத் திறன் சுழலும் விசிறி கொண்ட பழைய மீட்டருக்குக் கிடையாது. அதன் தாங்கி தேய்ந்தால் ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும், எச்சரிக்காது.

நேரம் வரைக்கும் எல்லாம் சரி. நேரத்திலிருந்து 'மணிக்கு இத்தனை கன மீட்டர்' என்ற எண்ணுக்குப் போகும் வழியில்தான் ஊகங்கள் நுழைகின்றன. ஒலி குழாயின் விட்டத்தின் வழியே ஒரு கோட்டில் செல்கிறது. அந்தக் கோட்டின் சராசரி வேகத்தைத்தான் அது அறியும். நமக்கு வேண்டியது குழாயின் முழுக் குறுக்குவெட்டின் சராசரி. நடுவில் நீர் விரைவாகவும் சுவரோரம் மெதுவாகவும் ஓடுகிறது. மெல்லிய, அடுக்கடுக்கான ஓட்டத்தில் கோட்டுச் சராசரி உண்மைச் சராசரியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். கொந்தளிப்பான ஓட்டத்தில் வேறுபாடு சில விழுக்காடாகச் சுருங்கும். எந்த ஓட்டம் என்பதை மீட்டர் ஊகித்து ஒரு திருத்த எண்ணால் பெருக்குகிறது. அருகில் ஒரு வளைவோ பாதி மூடிய வால்வோ இருந்தால் நீர் சுழன்றும் ஒருபக்கம் சாய்ந்தும் ஓடும். அந்த ஊகம் பொய்த்துவிடும். அதனால்தான் மீட்டருக்கு முன்னால் விட்டத்தின் பத்து மடங்கு, பின்னால் ஐந்து மடங்கு நேரான குழாய் வேண்டும் என்று கையேடுகள் கேட்கின்றன. உண்மையான பம்ப் அறைகளில் அவ்வளவு நேரான குழாயைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

குழாயின் பரப்பையும் மீட்டர் அளப்பதில்லை. வெளிச்சுற்றளவையும் சுவர்த் தடிமனையும் நாம்தான் உள்ளிடுகிறோம். 300 மி.மீ. குழாயின் உட்புறம் முழுவதும் 3 மி.மீ. உப்புப் படிந்திருந்தால் நீர் செல்லும் பரப்பு ஏறக்குறைய 4 விழுக்காடு சுருங்கிவிடும். மீட்டருக்கு அது தெரியாது.

அணுமின் நிலையத்தின் கதை இந்த இடத்தில்தான் பாடமாகிறது. உலையின் வெப்பத்திறனை ஊட்டுநீரின் ஓட்டத்தைக் கொண்டே கணிக்கிறார்கள். ஓட்டத்தில் ஒரு விழுக்காடு பிழை என்றால் திறனிலும் கிட்டத்தட்ட ஒரு விழுக்காடு பிழை. பழைய அளவி வெஞ்சுரி, அதாவது குறுகிய கழுத்துள்ள குழாய்த்துண்டு. கழுத்தில் படிவு சேர்ந்தால் அது ஓட்டத்தைக் கூட்டிக் காட்டும். உலை உள்ளதைவிட அதிகம் உழைப்பதாகத் தோன்றும், இயக்குபவர்கள் திறனைக் குறைப்பார்கள், மின்சாரம் வீணாகும். தவறுதான், ஆனால் பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த தவறு.

அமெரிக்க விதியும் அளவீட்டை முழுதாக நம்பவில்லை. விபத்துப் பகுப்பாய்வை உரிமத் திறனின் 102 விழுக்காட்டில் செய்யச் சொன்னது. நல்ல மீட்டர் இருந்தால் அந்த 2 விழுக்காட்டில் ஒரு பகுதியை மின்சாரமாக்கலாம் அல்லவா? டெக்சஸின் கோமான்ச்சி பீக் நிலையத்துக்கு 1999-இல் இந்த அடிப்படையில் ஒரு விழுக்காடு கூடுதல் திறன் அனுமதிக்கப்பட்டது. 2000-இல் விதியே தளர்த்தப்பட்டது. ஆயிரம் மெகாவாட் நிலையத்தில் ஒரு விழுக்காடு என்பது பத்து மெகாவாட். பெரிய கட்டுமானம் எதுவும் இல்லாமல் ஓர் அளவுகருவி ஈட்டித் தந்த மின்சாரம் அது.

இந்த வெற்றிக்குப் பெரிதும் துணைநின்றது குழாயிலேயே பற்றவைத்து இணைக்கும் வகை மீட்டர். அதன் உள்விட்டம் முன்கூட்டியே அளந்தது. ஒரே கோட்டில் அல்லாமல் வெவ்வேறு உயரங்களில் நாலு அல்லது எட்டுப் பாதைகளில் ஒலி செல்லும். நீர் ஒருபக்கம் சாய்ந்து ஓடினால் பாதைகளின் அளவீடுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பைரனிலும் பிரெய்ட்வுட்டிலும் இருந்தது வேறு வகை. வெளியே கட்டிய அந்தக் கருவி நேர வேறுபாட்டை அளக்கவில்லை. வாய்க்காலில் மிதந்துவரும் நுரைத்திட்டு ஒரு முளைக்குச்சியைக் கடந்து எவ்வளவு நேரத்தில் அடுத்த குச்சியைக் கடக்கிறது என்று பார்ப்பதுபோல, நீர்ச்சுழல்கள் ஓர் ஒலிக்கற்றையில் பதிக்கும் தடம் எவ்வளவு நேரம் கழித்து அடுத்த கற்றையில் தெரிகிறது என்று அது ஒப்பிட்டது. அந்த எண்ணைக் கொண்டு வெஞ்சுரியின் கணக்கைத் திருத்தினார்கள். ஆனால் ஊட்டுநீர்க் குழாய் அமைதியான இடம் அல்ல. குழாய்க்குள் இருந்த இரைச்சல் சமிக்ஞையில் கலந்தது. இம்முறை தவறு பாதுகாப்பின் பக்கம் சாயவில்லை. அந்த வகைக் கருவிக்குத் தான் கொடுத்திருந்த ஒப்புதலை அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2007-இல் இடைநிறுத்தியது.

இதைக் கொண்டு 'உள்ளே பொருத்தினால் நல்லது, வெளியே கட்டினால் கெட்டது' என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. பல பாதை மீட்டருக்கும் ஓர் ஊகம் உண்டு. அதை ஆய்வகத்தில் சரிபார்க்கும்போது ஓடுவது வெதுவெதுப்பான நீர். நிலையத்தில் ஓடுவது 220 பாகை செல்சியஸைத் தாண்டிய நீர். அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஆய்வகத்தில் எட்ட முடியாத ஓட்டநிலைக்குக் கணக்கை நீட்டித்தே பயன்படுத்துகிறார்கள். இரைச்சலும் அணுமின் நிலையத்தின் தனிச்சிக்கல் அல்ல. இயற்கை எரிவாயு வணிகத்தில், அழுத்தம் குறைக்கும் வால்வுகள் மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் எழுப்பும் ஓசை மீட்டரின் துடிப்பையே மூழ்கடித்ததுண்டு. வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது: பல பாதை மீட்டர் தன் ஊகம் எப்போது பொய்க்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஒற்றைப் பாதைக் கிளாம்ப்-ஆன் கருவியோ பிழையான எண்ணையும் சரியான எண்ணின் அதே நிதானத்தோடு காட்டுகிறது.

நம் ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டின் பல நகரங்களில் குடிநீர் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே வருகிறது. நிறுத்தியதும் குழாய் காலியாகிறது, திறந்ததும் காற்றைத் தள்ளிக்கொண்டு நீர் வருகிறது. காற்றுக்குமிழ் ஒலியைச் சிதறடிக்கும். குழாய் பாதியளவே நிறைந்திருந்து ஒலிப்பாதை நீருக்குள் அமைந்துவிட்டால், மீட்டர் வேகத்தைச் சரியாகப் பிடித்து முழுக்குழாயின் பரப்பால் பெருக்கிவிடும். வராத நீரும் கணக்கில் ஏறும். டிரான்ஸ்டியூசரை உச்சியிலோ அடியிலோ ஒட்டாமல் பக்கவாட்டில் ஒட்டச் சொல்வது மேலே தங்கும் காற்றையும் கீழே தங்கும் வண்டலையும் தவிர்க்கத்தான். ஒலி கடக்கத் தடவும் ஜெல் வெயிலில் காய்ந்துபோனாலும் சமிக்ஞை தளரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், கிளாம்ப்-ஆன் கருவியைப் பையில் எடுத்துச் செல்லாத நீர்ப் பொறியாளர் பெரிய வசதி ஒன்றை இழக்கிறார் என்றே நினைக்கிறேன். ஒரு பம்ப் நேற்றைவிட இன்று எவ்வளவு குறைவாக இறைக்கிறது, நள்ளிரவில் யாரும் புழங்காத நேரத்திலும் குழாயில் ஓட்டம் இருக்கிறதா, எந்தக் கிளையில் கசிவு என்ற கேள்விகளுக்கு அதைவிட விரைவான துணை கிடையாது. இவை ஒப்பீட்டுக் கேள்விகள். ஒரே இடத்தில் ஒரே பிழை இரண்டு அளவிலும் இருந்தால் பெரும்பாலும் கழிந்துபோகும். பணம் கைமாறும் இடத்திலும் பாதுகாப்பு வரம்பு சார்ந்த இடத்திலும் நிலைமை வேறு. அங்கே ஒப்பந்தப்புள்ளியில் விவரக் கையேட்டின் துல்லியத்தை எழுதி முடித்துவிடக் கூடாது. பொருத்திய இடத்தில், அந்த வளைவுக்கும் அந்த வால்வுக்கும் நடுவே எவ்வளவு பிழை வரும் என்பதைக் கேட்க வேண்டும். உள்விட்டத்தை யார், எப்படி அளந்தார் என்பது பதிவாக வேண்டும். மீட்டர் காட்டும் ஒலிவேகத்தை நீரின் வெப்பநிலையோடு ஒப்பிட்டு மாதந்தோறும் எழுதிவைக்க வேண்டும். அந்த எண் பல கருவிகளின் மெனுவிலேயே இருக்கிறது.