கருவியும் காவலும்

குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தைக் காத்த மகளிரின் கைகளில் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் இருந்தன எனக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு கூறுகின்றது. அந்நூலில் அடுக்கப்பெறும் 99 பூக்கள் தமிழ் வகுப்பறைகளில் நினைவுகூரப்படும் அளவிற்கு இக்கருவிகள் நினைக்கப்படுவதில்லை. தினையைக் கவர வரும் கிளிகளை ஓட்டுதற்கென அமைந்த ஒலிக்கருவிகள் அவை. அவற்றின் ஓசை கதிரையும் காத்தது. கிளியையும் உயிரோடு போகவிட்டது. காவல் புரிவோர் கையிலேயே கருவி இருந்தமையால், கண்டதற்கும் செய்வதற்கும் இடையே காலத்தாழ்வு இல்லை. வனவிலங்குகளைக் காக்கும் பொருட்டு இன்று ஆக்கப்பெறும் நுண்கருவிகளை மதிப்பிடுவதற்கு இப்பழைய காட்சி ஓர் அளவுகோலாகின்றது. கருவி தரும் செய்தி யாரைச் சென்றடைகின்றது? சென்றடைந்தபின் நிகழும் செயல் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறாத பாராட்டு எதுவும் நிறைவான மதிப்பீடு ஆகாது.

புலியின் தடத்தில் மரத்தோடு கட்டப்படும் தானியங்கி ஒளிப்படக் கருவி, யானையின் கழுத்தில் பூட்டப்படும் செயற்கைக்கோள் பட்டை, காட்டின்மேல் பறக்கும் ஆளில்லா வானூர்தி, படத்தைக் கொண்டு விலங்கை இனங்காணும் கணினி எனக் கருவிகள் பலவாகப் பெருகியுள்ளன. இவற்றைப் போற்றுவோர் பலர் காண்டல், எண்ணல், காத்தல் என்னும் மூன்றையும் ஒன்றாகவே கொண்டுவிடுகின்றனர். ஒரு விலங்கைக் கண்டுவிட்டாலே அதைக் காத்துவிட்டதாகக் கருதும் மயக்கம் அவர்தம் எழுத்தில் ஊடுருவி நிற்கின்றது. மூன்றும் தனித்தனி வினைகள் என்பதை வரலாறே உணர்த்துகின்றது.

காண்டலில் கருவி பெற்ற வெற்றி ஐயத்திற்கு இடமற்றது. 1920களில் இந்தியாவின் ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாகப் பணியாற்றிய எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி செல்லும் வழியில் மெல்லிய கம்பியை நீட்டி, அதனை ஒளிப்படக் கருவியோடும் மின்னொளியோடும் இணைத்தார். நள்ளிரவில் புலி கம்பியை மிதிக்க, அதன் உருவம் பதிவாயிற்று. துப்பாக்கியால் வீழ்த்திய புலியின்மேல் கால் வைத்து நின்று படம் எடுத்துக்கொள்வதே பெருமையெனக் கருதப்பட்ட காலத்தில், உயிருள்ள புலியைப் படம்பிடித்தலே சிறந்த வேட்டை என அவர் நிறுவினார். 1927இல் வெளிவந்த அவரது நூல் பலர் மனத்தை மாற்றியது. ஆயினும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் புலி பல காடுகளிலிருந்து மறைந்தது. படம் மனத்தை மாற்றலாம்; மாறிய மனம் சட்டமாகவும் காவலாகவும் வடிவெடுக்காதவரை காட்டின் நிலை மாறாது.

எண்ணலில் கருவி ஆற்றிய பணி இன்னும் பெரிது. இந்தியாவில் நெடுங்காலம் புலிகள் அவற்றின் அடிச்சுவடுகளைக் கொண்டே எண்ணப்பட்டன. தரையில் பதிந்த சுவட்டைக் கண்ணாடியின்மேல் வரைந்தெடுத்து, இஃது இன்ன புலி என்று பிரித்தறிந்தனர். ஈரமண்ணில் ஒருவகையாகவும் புழுதியில் வேறுவகையாகவும் பதியும் சுவட்டை நம்பிய இம்முறையின் குறை, இராசத்தானில் உள்ள சரிசுக்காவில் வெளிப்பட்டது. ஏட்டுக் கணக்கில் புலிகள் வாழ்ந்துகொண்டிருந்த அக்காட்டில் ஒரு புலியும் எஞ்சவில்லை என்பது 2005இல் உறுதியாயிற்று. கள்ளவேட்டையாடுவோர் புலிகளைக் கொன்று முடித்திருக்க, அலுவலகத்து ஏடு மட்டும் அவற்றை வாழவைத்திருந்தது.

புலியின் வரிகள் மாந்தரின் கைரேகையைப் போன்றவை. ஒன்றின் வரி மற்றொன்றிற்கு இராது. இவ்வுண்மையையும் தானியங்கி ஒளிப்படக் கருவியையும் புள்ளியியலோடு இணைத்து, கர்நாடகத்தின் நாகரகொளைக் காட்டில் உல்லாஸ் கரந்த் ஆய்ந்து 1995இல் வெளியிட்ட முறையே பின்னர் எண்ணலின் அடிப்படையாயிற்று. 2018ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கருவிகள் நிறுவப்பட்டன. பதிவான படங்கள் 3 கோடியே 48 இலட்சத்திற்கும் மேல். அவற்றுள் புலியின் படங்கள் 76,651. அவற்றிலிருந்து 2,461 தனிப்புலிகள் பிரித்தறியப்பட்டன. இத்துணைப் படங்களையும் மாந்தர் கண்களே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்ப்பது அரிது; இங்குக் கணினியின் துணை இன்றியமையாதது. பொய்க் கணக்கிற்கு இடங்கொடாத சான்றைத் தந்தது கருவியின் முதற்சிறப்பாகும்.

எனினும் மெய்யான கணக்கு மெய்யான காவலாகிவிடுமா? மலேசியாவின் நிலை இவ்வினாவிற்குக் கசப்பான விடையைத் தருகின்றது. நாட்டின் சின்னத்தில் இரு புலிகள் நிற்கின்றன. 1950களில் தீபகற்பத்தில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்திருக்கலாம் எனச் சொல்லப்படுவதுண்டு. 2016 முதல் 2020 வரை ஒளிப்படக் கருவிகளின் துணையுடன் நடத்தப்பட்ட முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காடுகளில் எஞ்சியுள்ளவை 150க்கும் குறைவு என்று காட்டியது. பழைய எண் வெறும் மதிப்பீடே ஆயினும் வீழ்ச்சியின் ஆழத்தில் ஐயமில்லை. இங்குக் கருவி எண்ணியது இழப்பை.

அவ்விழப்பிற்குக் காரணமானவற்றுள் ஒன்று, கருவிகளிலெல்லாம் மிக எளிய கருவியாகிய கம்பிக் கண்ணி. வளைத்துக் கட்டிய ஒரு முழக் கம்பிக்கு மின்கலம் வேண்டா; செயற்கைக்கோள் வேண்டா. அது பகலும் இரவும் காத்துக் கிடக்கின்றது. புலியென்றும் மானென்றும் பாராது, காலை நுழைத்த உயிரை அது பற்றிக்கொள்கின்றது. புலியின் இரையாகிய கடமான் அருகிவிட்டது. 2021 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் தாக்கியது. விலைமிக்க ஒளிப்படக் கருவி கண்ணியில் கால் இழந்த விலங்கைப் படம்பிடிக்க வல்லது. கண்ணியை அவிழ்க்க வல்லதன்று. அவிழ்ப்பதற்குக் காட்டிற்குள் நடந்து செல்லும் கால்கள் வேண்டும். அக்கால்களுக்கு ஊதியமும் உணவும் பாதுகாப்பும் வேண்டும். கருவிக்குச் செலவிட்டு, நடப்போரை மறக்கும் திட்டம் தன் தோல்வியைத் தானே தெளிவாகப் படம்பிடித்து வைப்பதாகவே முடியும்.

யானையைப் பற்றிய செய்தியும் இத்தகையதே. தீபகற்ப மலேசியாவிலும் போர்னியோவிலும் நூற்றுக்கு மேற்பட்ட யானைகளின் கழுத்தில் பட்டை பூட்டிப் பெறப்பட்ட 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட இடக்குறிப்புகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. பெரும்பாலான யானைகள் தம் காலத்தில் பாதிக்கும் மேல் காப்புக்காடுகளுக்கு வெளியே கழிக்கின்றன என்பது அதன் முடிவு. புல்லும் மூங்கிலும் இளமரங்களும் செறிந்த காட்டோரங்களே அவற்றிற்கு உகந்தவை. வரைபடத்தில் எல்லை கீறி, இதற்குள் யானை, இதற்கு வெளியே மாந்தர் என்று பிரித்த எண்ணம் பிழையென்று கருவி மெய்ப்பித்துவிட்டது.

இவ்வறிவு கிட்டியபின் நிகழ்ந்தது யாது? 2025 மே 11ஆம் நாள் விடியுமுன், கெரிக் - ஜெலி நெடுஞ்சாலையில் யானைக்கன்று ஒன்று லாரியில் மோதுண்டு அதன் அடியில் சிக்கி இறந்தது. லாரியின்மேல் தலையைச் சாய்த்து நின்ற தாயின் காட்சி கைப்பேசி வழியே நாடெங்கும் பரவியது. அன்று அன்னையர் நாளாகவும் அமைந்ததால் கண்ணீர் மிகுந்தது. அச்சாலையில் யானைகள் நடமாடுவது ஏற்கெனவே பட்டைகள் சொல்லிய செய்தி. விலங்குகள் அடியில் கடந்து செல்வதற்கென்றே கட்டப்பட்ட பாலமும் அங்கு உண்டு. ஆயினும் அவ்விடியலில் அச்சாலையில் வந்த ஓட்டுநரைத் தடுத்து நிறுத்தும் செய்தி எதுவும் அவ்வழியே வரவில்லை. ஆய்வாளர் அறிந்தது ஓட்டுநர்க்கு எட்டாதவழி அவ்வறிவு யானைக்கு உதவுமாறில்லை.

எட்டினால் பயன் விளையும் என்பதற்கு வால்பாறை சான்று. ஆனைமலையில் காடு சூழ்ந்த அத்தேயிலைத் தோட்டங்களின் ஊடே யானைகள் கடந்து செல்கின்றன. மாலையிருளில் பேருந்தைவிட்டு இறங்கி வீட்டிற்கு நடக்கும் தொழிலாளி, எதிர்பாராது யானையின் முன் சென்று நிற்பதே உயிரிழப்பிற்குப் பெருங்காரணம் என்பதை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அவர்கள் கைக்கொண்ட வழி எளியது. யானை நிற்கும் இடம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் அறிவிக்கப்பட்டது. தோட்டத்தின் உயர்ந்த இடங்களில் சிவப்பு விளக்குகள் நாட்டப்பட்டன. தோட்டத்து மக்களே கைப்பேசியால் அவற்றை ஏற்றலாம். விளக்கைக் கண்டவர் நின்றுவிடுகின்றார். யானை தன் வழியே செல்கின்றது. இதனால் உயிரிழப்பு குறைந்தது. இப்பணிக்காக ஆனந்தகுமார் 2015இல் விட்லி விருது பெற்றார். தோட்டப்புற வாழ்வை அறிந்த மலேசியத் தமிழர்க்கு இதன் அருமையை விளக்கவேண்டுவதில்லை.

கோவையை அடுத்த மதுக்கரையிலும் இதே நெறி காணப்படுகின்றது. 2021 நவம்பரில் மூன்று யானைகள் இரயிலில் அடிபட்டு இறந்த அப்பகுதியில், 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவோடு கூடிய கண்காணிப்புக் கோபுரங்கள் இயங்கத் தொடங்கின. யானை இருப்புப்பாதையை நெருங்குவதை அவை உணர்ந்து அறிவிக்க, வனத்துறையினரும் இரயில்வேயினரும் செயற்படுகின்றனர். விளக்கு எளிது, கோபுரம் அரிது. எனினும் இரண்டிலும் நிறுத்த வல்லவரையே செய்தி சென்றடைகின்றது.

கருவியின் கண் விலங்கின்மேல் மட்டும் விழுவதில்லை என்பதும் கருதற்குரியது. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழும் மகளிரைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. விறகும் புல்லும் தேடிக் காட்டிற்குச் செல்லும் அப்பெண்கள் உரக்கப் பேசியும் பாடியும் நடப்பது வழக்கம். அவ்வோசை கேட்டு விலங்குகள் விலகிப்போகும். மரங்களில் கருவிகள் பொருத்தப்பட்டபின், தாம் பார்க்கப்படுகின்றோம் என்னும் கூச்சத்தால் அவர்கள் குரல் தாழ்ந்தது. பழகாத இடங்களுக்கும் அவர்கள் ஒதுங்கினர். புலிக்கும் பெண்ணுக்கும் இடையே வேலியாய் நின்ற ஓசையை, புலியைக் காக்க வந்த கருவியே அடக்கிவிட்டது. தட்டையும் குளிரும் ஏந்திய புனங்காவல் மகளிரை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்விழப்பின் பொருள் எளிதில் விளங்கும். மரத்தில் இருக்கும் கண்ணாடிக் கண்ணைக் கருவியென மதித்தவர்கள், பெண்ணின் குரலும் ஒரு காவற்கருவியே என்பதை மதிக்கத் தவறினர்.

இவற்றால் கருவியே வேண்டா என்று முடிபு கூறுதல் பொருந்தாது. சரிசுக்காவின் பொய்யை வெளிக்கொணரவும், மலேசியப் புலியின் மெய்ந்நிலையை உணர்த்தவும், யானையின் வழியை அறியவும் கருவியன்றி வேறு துணையில்லை. குறை, கருவி தொடங்கிவைத்த பணியை முடிந்த பணியாகக் கொள்ளும் மனத்தில் உள்ளது. காண்டல் எண்ணலுக்கும், எண்ணல் காத்தலுக்கும் வழியாகும்போதே கருவி பயன் தருகின்றது. அவ்வழியில் மாந்தர் நிற்கும் இடம் வெற்றிடமாயின், எத்துணை நுட்பமான கருவியும் இறப்பின் கணக்கை எழுதும் ஏடாகவே எஞ்சும்.

அறிவியலின் பயன் பற்றிக் கட்டுரை வரையும் மாணவரிடம் ஆசிரியர் கேட்கவேண்டிய வினாவும் இதுவே: கருவி யாது கண்டது என்பதோடு நில்லாது, கண்டபின் யார் நின்றார், யார் நடந்தார், யார் அவிழ்த்தார்? வால்பாறையில் சிவப்பு விளக்கைக் கண்டு ஒரு தொழிலாளி நிற்கின்றார். அவர் நின்ற அச்சிறு பொழுதில் யானை சாலையைக் கடந்துவிடுகின்றது; பின்னர் அவரும் வீடு சேர்கின்றார்.