குட்டி ஹான்ஸின் குதிரை: ஒரு மறுவாசிப்பு

ஃப்ராய்ட் பற்றி நம் சூழலில் இரண்டு விதமாகத்தான் பேச்சு நடக்கிறது. எல்லாவற்றுக்கும் பாலியலைக் காரணம் காட்டியவர் என்று ஒதுக்கிவிடுவது ஒன்று. நனவிலி, ஈடிபஸ் சிக்கல் போன்ற சொற்களைக் கவிதை விமர்சனத்தின் மேல் தூவிக்கொள்வது மற்றொன்று. இரு தரப்புமே அவர் எழுதிய நோயாளி வரலாறுகளைப் பிரதிகளாகக் கையில் எடுத்து வாசிப்பதில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது 1909இல் வெளிவந்த, ஐந்து வயதுப் பையன் ஒருவனின் அச்சநோய் பற்றிய பகுப்பாய்வை. 'குட்டி ஹான்ஸ்' என்ற பெயரில் அறியப்படுவது அதுதான்.

நூறாண்டுக்கு முந்தைய வியன்னாப் பையனின் பயம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். சேட்டை, அடம், பயந்தாங்கொள்ளி, காத்து கருப்பு அடிச்சிருக்கு என்றெல்லாம் வீட்டுக்கு வீடு வெவ்வேறு பெயரில் வழங்கிவந்தவை இன்று பள்ளிக்கூடத்தில் 'பிகேவியர் ப்ராப்ளம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. கூடவே படிவங்களும் வந்திருக்கின்றன. உளமருத்துவம் தன் எல்லையை விரித்துக்கொண்டது குழந்தைப் பருவம் என்ற வாசல் வழியாகத்தான் என்பதை ஃபூக்கோ 1974-75 ஆண்டில் 'பிறழ்ந்தவர்கள்' பற்றி ஆற்றிய உரைகளில் காட்டினார். அதை நாம் திருப்பித் திருப்பிச் சொல்கிறோம். ஆனால் அந்த வாசலில் நின்ற குழந்தை என்ன சொல்லிற்று என்பதை விட்டுவிடுகிறோம். அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிற சுவாரஸ்யத்தில் நாமும் பெரியவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு.

கதைச் சுருக்கம் இது. 1908 ஜனவரியில் பையனுக்குத் தெருவில் இறங்கப் பயம் வருகிறது. குதிரை கடித்துவிடும் என்கிறான். பிறகு, பாரவண்டி இழுக்கும் குதிரைகள் விழுந்துவிடுமோ என்ற பயம். ஒரு குதிரை பொத்தென்று விழுந்து கால்களை உதைத்துக்கொண்டதை அவன் பார்த்திருக்கிறான். தந்தை மாக்ஸ் கிராஃப் இசை விமர்சகர், ஃப்ராய்டின் புதன்கிழமைக் குழுவில் ஒருவர். தாய் முன்பு ஃப்ராய்டிடமே சிகிச்சை பெற்றவர். பையனிடம் பேசுவதும் கேள்வி கேட்பதும் பதிலை எழுதிக்கொள்வதும் தந்தை. அந்தக் குறிப்புகளைப் படித்து வழிகாட்டுவது ஃப்ராய்ட். சிகிச்சைக்காக அவர் பையனைச் சந்தித்தது 1908 மார்ச் 30 அன்று ஒரே ஒரு தடவை. (பையனின் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஃப்ராய்டே ஓர் ஆடுகுதிரையைப் படியேறித் தூக்கிவந்து கொடுத்தார் என்று தந்தை பிற்பாடு எழுதியிருக்கிறார். இந்த மரக்குதிரைக்கு வரலாற்றில் இடமில்லை. விமர்சகர்களுக்கு இது அல்வா.)

ஃப்ராய்டின் வாசிப்பில் குதிரை என்பது தந்தை. குதிரையின் வாயைச் சுற்றியிருந்த கறுப்பு தந்தையின் மீசை, கண்பட்டை அவருடைய மூக்குக்கண்ணாடி. கடிப்பது காயடிப்பு அச்சம்; விழுவது தந்தை சாக வேண்டும் என்ற ஆசை; பாரவண்டி கர்ப்பம். பூட்டுக்குச் சாவி பொருந்துவது மாதிரி எல்லாம் பொருந்துகிறது. இப்படிச் சகலமும் பொருந்துகிறபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டுகிறது.

சந்தேகப்பட்டவர்கள் ஏராளம். 1960இல் வோல்ப்பும் ராக்மேனும் நடத்தையியல் நோக்கில் இதை மறுத்தார்கள்: குதிரை விழுந்ததைப் பார்த்துப் பயந்தான், அந்தப் பயம் பழகிப்போய் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். லக்கான் 1956-57 கருத்தரங்கில் குதிரையைக் குறிப்பானாக்கினார். தந்தையின் செயல்பாடு பலவீனமாயிருந்த இடத்தை அது நிரப்புகிறது என்றார். தெல்யூஸும் கத்தாரியும் தந்தை என்ற மூலத்துக்கே எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோவதை உடைத்தார்கள். அவர்களுக்குக் குதிரை என்பது கண்பட்டை, கடிவாளம், பாரம், சாட்டையடி, விழுதல் எல்லாம் சேர்ந்த ஓர் இணைவு. தெருவும் அதில் அடக்கம். இவற்றில் எனக்குப் பிடித்தது கடைசி வாசிப்புத்தான், தெருவை உள்ளே கொண்டுவந்ததால். ஆனால் அவர்களுக்கும் பையன் ஒரு கோட்பாட்டுக்கான உதாரணமாகத்தான் பயன்பட்டான்.

பிரதிக்குப் போவோம். பையன் சொன்னவை அங்கே வெட்டவெளிச்சமாகக் கிடக்கின்றன. குதிரை கடிக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அவனே சொல்கிறான். க்முண்டன் என்ற கோடை வாசஸ்தலத்தில் தோழி ஒருத்தி ஊருக்குக் கிளம்புகிறாள். வாசலில் வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டி நிற்கிறது. குதிரையிடம் விரலை நீட்டாதே, கடித்துவிடும் என்று அவளுடைய அப்பா எச்சரித்ததை இவன் கேட்டிருக்கிறான். அதாவது, ஒரு பிரிவும் ஓர் எச்சரிக்கையும் ஒரே குதிரையில் பூட்டப்பட்டிருக்கின்றன. இதைக் கேட்ட தந்தை உடனே பேச்சை அவனுடைய குறியின் பக்கம் திருப்பிவிடுகிறார். விரலை நீட்டுவது என்றதும் அவருக்கு வேறு ஞாபகம்.

இன்னொரு இடம். அப்பா வெளியே போனால் திரும்பி வரமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது என்கிறான். நான் அப்படி எப்போதாவது மிரட்டியிருக்கிறேனா என்று தந்தை கேட்கிறார். நீங்கள் இல்லை, அம்மாதான், திரும்பி வரமாட்டேன் என்று சொன்னாள் என்கிறான். நோய் தொடங்கிய நாட்களிலேயே, தூங்கும்போது அம்மா போய்விட்ட மாதிரி இருந்தது என்று அழுதுகொண்டே எழுந்த பிள்ளை இவன். நம் வீடுகளில் தினமும் புழங்குகிற மிரட்டல்தான் இது: 'நீ இப்டியே பண்ணிட்டிரு, நான் எங்கயாவது போயிடறேன்.' சொல்கிறவளுக்கு அது மூச்சுவிடுகிற மாதிரி. கேட்கிறவனுக்கு? பௌல்பி 1973இல் பிரிவு பற்றிய தன் நூலில் இந்த வரிகளைத்தான் பிடித்துக்கொண்டார். பையனின் பதற்றத்துக்கு அடிப்படை தாய் விட்டுப் போய்விடுவாள் என்ற அச்சமே என்றார். ஒரு குழந்தை நேர்படச் சொன்ன வாக்கியம் கவனிக்கப்பட 64 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. (பௌல்பியிடம் எல்லாப் பழியும் தாயின் தலையில் போய் விழுகிறது என்பது வேறு பிரச்சினை. ஆண்குறியைத் தொட்டால் டாக்டரை விட்டு வெட்டச் சொல்வேன் என்றவளும் அதே தாய்தான். ஆனால் கைக்குழந்தையோடும் மகனோடும் வீட்டில் கிடந்த அந்தப் பெண்ணின் குரலைக் குறித்துவைத்தவர் எவருமில்லை.)

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது இடம். அவர்களுடைய வீட்டுக்கு எதிரே சுங்கச்சாவடியின் சரக்குக் கிடங்கு. வண்டிகள் வந்து நிற்கும், மூட்டைகள் ஏறும், இறங்கும். தெருப் பையன்கள் வண்டி மேல் ஏறி விளையாடுவதைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஹான்ஸுக்கு, தானும் வண்டியில் ஏறி அங்கிருந்து சரக்கு மேடைக்குத் தாவ வேண்டும் என்று ஆசை. ஏறி நிற்கும்போது வண்டி கிளம்பிவிட்டால்? அதுதான் பயம். வண்டி கொண்டுபோய்விட்டால் அம்மாவிடம் திரும்பி வரமுடியாதே என்று பயமா என்கிறார் தந்தை. அதெல்லாம் இல்லை, வாடகை வண்டி பிடித்து வந்துவிடுவேன், வீட்டு எண்ணைக்கூடச் சொல்லத் தெரியும் என்கிறான். அப்புறம் ஏன் பயம் என்று மறுபடியும் கேள்வி. தனக்குத் தெரியவில்லை என்கிறான். பேராசிரியருக்குத் தெரிந்திருக்கும் என்கிறான்.

வீட்டு எண் தெரிந்த பையன் இவன். திரும்பி வருகிற வழியும் தெரியும். ஆனால் தன் பயத்தைப் பற்றிய அறிவை மட்டும், தன்னை ஒரே ஒரு முறை பார்த்துப் பேசிய ஒரு பெரியவரிடம் ஒப்படைத்துவிடுகிறான். யாரும் அவனை அடித்துப் பிடுங்கவில்லை. அன்பாக, பொறுமையாக, தினமும் கேட்டுக் கேட்டு நடந்த கைமாற்றம் இது.

இதன் தொடக்கம் ஒரு சொல்லில் இருக்கிறது. குதிரை விஷயமெல்லாம் வெறும் அசட்டுத்தனம் என்று பையனிடம் சொல்லும்படி தந்தைக்கு யோசனை சொன்னவர் ஃப்ராய்ட். கொஞ்ச நாளில் பையனே அதை 'என் அசட்டுத்தனம்' என்று குறிப்பிட ஆரம்பித்துவிடுகிறான். பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதிப்போட்டால் என் அசட்டுத்தனம் சரியாகிவிடும் என்கிற அளவுக்குப் போகிறான். பயம் என்று இருந்தது ஒரு பெயரைப் பெற்று, அந்தப் பெயர் அவனுடைய உடைமையாகவும் ஆகிவிடுகிறது. இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சர்வசாதாரணமாக 'எனக்கு ஆங்ஸைட்டி இருக்கு' என்று சொல்லும்போது எனக்கு இந்த இடம் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தச் சொல் அவர்களுக்கு உதவுவதும் உண்டு. சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்ற வசவுகளிலிருந்து அது காப்பாற்றுகிறது. ஆனால் எதைப் பார்த்துப் பயம் என்ற கேள்வியை அது மூடிவிடுகிறதா, திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதை வைத்து நான் ஃப்ராய்டைத் தூக்கிலிடப் போவதாக நினைக்க வேண்டாம். பையனே சொல்லமுடியாத பலவற்றை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை ஃப்ராய்ட் மறைக்கவில்லை. இது சிகிச்சை, பாரபட்சமற்ற ஆராய்ச்சி அல்ல என்று வாதிடுகிறார். வாதம் எனக்கு உடன்பாடானதல்ல, ஆனால் ஒப்புதல் அச்சில் இருக்கிறது. நான் உங்களிடம்தானே பிரியமாக இருக்கிறேன், அம்மா மேல் பிரியம் அதனால்தான் பயம் என்று ஏன் சொன்னீர்கள் என்று பையன் தந்தையை மடக்குவதும் அச்சில் இருக்கிறது. தங்கச்சிப் பாப்பாவை அம்மா குளிப்பாட்டும்போது கைதவறி விட்டுவிட வேண்டும் என்று நினைத்ததைச் சொன்னபோது, நல்ல பையன் அப்படி நினைக்கமாட்டான் என்கிறார் தந்தை. நினைக்கலாம், நினைத்தால்தானே பேராசிரியருக்கு எழுத முடியும் என்கிறான் இவன். ஃப்ராய்ட் அடிக்குறிப்பில் பையனை மெச்சுகிறார். கெட்டதை நினைக்கவும் சொல்லவும் ஒரு குழந்தைக்கு இடம் கொடுத்த வீடு அது. நம்முடைய எத்தனை வீடுகளில் இது நடக்கும்?

தன் கோட்பாட்டுக்கு எதிரான சாட்சியங்களையும் இந்தப் பிரதி தனக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதுதான் என் வாதம். வெள்ளைக் குதிரை, அம்மாவின் மிரட்டல், சரக்கு மேடையின் வரைபடம் எல்லாவற்றையும் ஒரு விசுவாசமான சீடன் எழுதிவைத்தான். குரு அவற்றை வெட்டாமல் வெளியிட்டார். அதனால்தான் பௌல்பிக்கும் தெல்யூஸுக்கும் மறுவாசிப்பு சாத்தியமாயிற்று. பையன் வளர்ந்து 1922இல் ஃப்ராய்டைப் போய்ப் பார்த்தபோது, அந்த வரலாற்றைப் படித்ததில் தனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை என்றிருக்கிறான். ஹெர்பர்ட் கிராஃப் என்ற பெயரில் நியூயார்க்கில் ஓபரா இயக்குநராகப் புகழ்பெற்ற அவர், தானே அந்தப் பையன் என்று வெளிப்படையாகச் சொன்னது 1972இல் ஒரு நேர்காணலில். அடுத்த ஆண்டு இறந்துபோனார். எழுதப்பட்டவனிடம் ஞாபகம் இல்லை. எழுத்து மட்டும் இருந்தது.

இனி இன்றைய படிவத்துக்கு வருகிறேன். ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட வினாப்பட்டியல் ஒன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது, தமிழிலும் இருக்கிறது. 25 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். 4 வயதிலிருந்து பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பலாம். பிள்ளை தானே நிரப்புகிற படிவம் 11 வயதுக்கு மேல்தான். பயம் அதிகமா என்பது அதில் ஒரு கூற்று. பெரியவர்கள் சொல்வதைப் பொதுவாகக் கேட்டு நடக்கிற பிள்ளையா என்பது இன்னொன்று. இல்லை என்றால் நடத்தைக் கோளாறுக் கணக்கில் மதிப்பெண் ஏறும். பெரியவர் சொன்னது என்ன என்பதற்குக் கட்டம் இல்லை. வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதுவும் நிரப்புகிற பெரியவரைப் பார்த்துக் கேட்பது. இது சல்லடைதான், நோயறிதல் அல்ல. கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளை இது கண்டெடுக்கவும் செய்கிறது. நல்ல மருத்துவர் படிவத்தோடு நிற்கமாட்டார், பிள்ளையை உட்காரவைத்துப் பேசுவார். ஆனால் எத்தனை பிள்ளைகள் அந்த மருத்துவரிடம் போய்ச் சேர்கிறார்கள்? பாதிப்பேர் விஷயத்தில் படிவம்தான் கடைசிச் சொல்லாக நின்றுவிடுகிறது. ஹான்ஸுக்கு இதை நிரப்பியிருந்தால் பயம் என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்திருக்கும். குதிரை இருந்திருக்காது. அம்மா சொன்னதும் இருந்திருக்காது. அறுபது ஆண்டு கழித்து வருகிறவர் எதை மறுவாசிப்பது?

தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிற தோழி ஒருவரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய வகுப்பில் ஒரு பையன் மத்தியானத்துக்கு மேல் உட்காரமாட்டான், கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். படிவம் நிரப்பி அனுப்பியாயிற்று. அவன் என்ன சொல்றான் என்று கேட்டேன். 'அவனக் கேக்கணும்னு எங்க போட்ருக்கு? நாந்தான் நெரப்புனேன்' என்றார். படிவத்தோடு ஒரு வெள்ளைத்தாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் எங்கே ஓடுகிறான், போய் என்ன செய்கிறான், கேட்டால் என்ன சொல்கிறான் என்பதை அவன் வார்த்தையிலேயே, தேதி போட்டு, உளறலாகப் பட்டாலும் திருத்தாமல் எழுதிவையுங்கள் என்றேன்.

'நல்லாத்தான் இருக்கு. நாப்பத்திரண்டு பசங்க, நான் ஒருத்தி. நீங்க வந்து எழுதிக் குடுங்க' என்றார்.

மாக்ஸ் கிராஃபுக்கு இருந்தது ஒரு மகனும் ஒரு கைக்குழந்தையும், வீட்டு வேலைக்கு ஆளும். இதற்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தைகளின் மனநலம் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் வகுப்பறையின் இந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கட்டும். கோட்பாட்டை நாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.