பொறியின் தாளமும் தவிலின் தாளமும்

2001இல் யப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘தைக்கோ’ விளையாட்டிலே, திரையில் ஓடிவரும் சிவப்புக் குறிக்கு முரசின் முகத்திலும் நீலக் குறிக்கு விளிம்பிலும் அடிக்கவேண்டும். 2005இல் வந்த ‘கிற்றார் ஹீரோ’வுக்கு நரம்பில்லை, ஐந்து நிறப் பொத்தான்களும் மீட்டுவதற்கொரு கட்டையுமே உண்டு. இவை காலப்பிரமாணத்தைக் கையில் ஏற்றுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் தாளம் அவ்வளவுதானா? யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) தவிலைக் கேட்டவர் ஒப்பார். வலந்தலையில் விரற்கூடுகளும் தொப்பியிற் கழியும் பேச, ஆவர்த்தனத்தை எங்கே முறித்து எங்கே சேர்ப்பதென்பது வாசிப்பவரின் தீர்மானம். ‘கிற்றார் ஹீரோ’விலோ தன் கற்பனையால் ஒரு மீட்டுக் கூட்டினாலும் அது பிழை. (நம் பரீட்சைகள் இதனின் வேறோ என ஆசிரியராகிய நாம் கேட்டுக்கொள்ளலாம்.)

அதற்காகப் பழமையை எண்ணிப் பெருமூச்செறிவோருடன் நாம் சேரமாட்டோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலின் வாயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைக்கப்பட்ட மண் இது. எந்தக் கை எந்தத் தோலைத் தொடலாமென்பதும் இங்கே பிறப்பால் வகுக்கப்பட்டது. பறை முழக்கியவர் இழிவு சுமந்தார். பிளாஸ்ரிக் முரசு குலம் கேட்பதில்லை, விலை மட்டுமே கேட்கிறது. தவிலையும் பறையையும் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் பாடசாலை கொடுக்குமாயின், காலப்பயிற்சிக்கென இப்பொறியையும் ஒரு மூலையில் வைப்பதை நாம் எதிர்க்கப்போவதில்லை.