கோணல் ஃப்ரெட்டுகளின் நியாயம்

கிதார் ஒரு சமரசக் கருவி. பியானோவின் மூடியைத் திறந்து பாருங்கள்: கீழ்ச்சுரக் கம்பிகள் நீளமாகவும் மேல்சுரக் கம்பிகள் குட்டையாகவும் இருக்கும். கிதாரிலோ எல்லாவற்றுக்கும் ஒரே நீளம். ஆறு தந்தி வரை சமாளிக்கலாம். எட்டாவது தந்தி சேரும்போதுதான் வண்டவாளம் தெரிகிறது.

அந்தத் தந்தியை வழக்கமாக 46 ஹெர்ட்ஸ் அளவில், எஃப் ஷார்ப்பில் சேர்ப்பார்கள். 25.5 அங்குல நீளத்தில் அது தொளதொளவென்று ஆடும். தடித்த கம்பி போட்டால் விறைத்துக்கொண்டு மேற்சுரங்கள் பிசகும். நீளத்தை 27 அங்குலமாக்கினால் அதே கம்பியில் இழுவிசை 12 சதவீதம் கூடுகிறது. ஆனால் மெல்லிய தந்திக்கும் அதே நீளம் கொடுத்தால் வளைத்து வாசிக்க விரல் ஒப்பாது. ஆக, தந்திக்குத் தந்தி வேறு நீளம். ஃப்ரெட்டுகள் விசிறிபோலச் சாய்கின்றன. ரால்ஃப் நோவாக் இதற்கு 1989-இல் காப்புரிமை பெற்றார். யோசனை பழசுதான்: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆர்ஃபேரியனிலேயே சாய்ந்த ஃப்ரெட்டுகள் உண்டு.

இதைக் கையால் செய்தது என்று விற்கும்போதுதான் எனக்கு இடிக்கிறது. 24ஆவது ஃப்ரெட் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் சுருதி சுமார் 5 சென்ட் விலகும். ஒவ்வொரு வெட்டும் வேறு கோணம் என்பதால் இயந்திரம் வெட்டுவதே நல்லது. கைக்கு வேலை வேறிடத்தில்: கழுத்தின் வளைவைச் செதுக்குவது, ஃப்ரெட்டுகளைச் சமன்செய்வது. விளம்பரங்களோ மரத்தின் ரேகையைப் பற்றித்தான் கவிதை பாடுகின்றன.

சரி, இசைக்கு என்ன லாபம்? ஸ்வீடனின் மெஷூகா 2002-இல் 'நத்திங்' ஆல்பத்தை எட்டுத் தந்திக்காக யோசித்தது. கருவி ஒத்துழைக்காததால் ஏழு தந்தி கிதார்களின் சுருதியை இறக்கிப் பதிவு செய்தார்கள். 2006-இல் எட்டுத் தந்தியில் கிதார்களை மறுபடி வாசித்து வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பின்னது தெளிவு. ஆனால் அந்த முரட்டுத் தாளக்கணக்கு முன்னதிலேயே முழுசாக இருக்கிறது. அங்கே யோசனை முந்திக்கொண்டது, கருவி பின்னால் வந்தது.

டோசின் அபாசி இதற்கு மறுபக்கம். கீழ்த் தந்திகளைப் பாஸ் கிதார்போலக் கட்டைவிரலால் அடித்து அவர் வாசிப்பது, அந்தத் தந்திகள் இருப்பதால் பிறந்த மொழி. இங்கே கருவிதான் யோசனையைக் கிளப்பியது.

இந்த இரண்டில் ஒன்றாவது நடந்தால் கருவிக்குக் கொடுத்த காசு நியாயம். நாம் வாசிப்பது ஆறு தந்திக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்றால், அந்த இரண்டு கூடுதல் தந்திகளும் சுவரில் மாட்டத்தான் ஆகும். பல மாதச் சம்பளத்தை எண்ணிவைக்கும் முன் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். மரம் என்ன மரம் என்பதெல்லாம் அப்புறம்.